நரிவெங்காயம்: காலுக்கு மருந்து... வாய்க்கு விஷம்!

பங்குனி பிறந்து வெயில் உறைக்கத் தொடங்கியதும், காரியாபட்டியைச் சுற்றியுள்ள செம்மண் பொட்டலிலும் சரளை மேட்டிலும் காலையில் கொஞ்சம் நடந்து பாருங்கள். புல் கருகிக் கிடக்கும். சீமைக் கருவேலத்தைத் தவிரப் பச்சை என்று சொல்ல எதுவும் இருக்காது. அப்படிப்பட்ட நேரத்தில், தரையிலிருந்து ஒரே ஒரு குச்சி, முழங்கால் உயரத்துக்கு, இலை ஒன்றுகூட இல்லாமல் விறைப்பாக நிற்கும். அதன் மேல் பாதியில் பச்சையும் பழுப்பும் கலந்த சின்னச் சின்ன மணிப் பூக்கள், தள்ளித் தள்ளித் தலை கவிழ்ந்து தொங்கும். யாரோ காய்ந்த குச்சியை நட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து நாம் தாண்டிப் போய்விடுவோம்.

அதுதான் நரிவெங்காயம். காட்டு வெங்காயம் என்றும் சொல்வார்கள்.

கிராமத்துப் பாட்டிகளுக்கு இது நன்றாகத் தெரியும். "கால்ல ஆணியா? நரிவெங்காயத்தைச் சுட்டு வைய்யி, தன்னால உதிர்ந்துரும்" என்பார்கள். இன்றைக்கு நகரத்துக் குடும்பங்களிலும் இந்தப் பேச்சு கேட்கிறது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வந்து, "இதை எப்படி உபயோகிக்கிறது டாக்டர்?" என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒரு சிலர் கேட்காமலே உபயோகித்துவிட்டு, புண்ணோடு வருகிறார்கள். அதனால்தான் இந்தக் கிழங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பெயரில்தான் வெங்காயம்!

நம் ஊரில் ஒரு செடி இன்னொன்றைப் போலத் தோன்றி, ஆனால் வீட்டுக்கு உதவாமல் காட்டில் கிடந்தால், அதற்கு நரி, நாய், பேய், காடு என்று ஏதாவது ஒன்றை முன்னால் சேர்த்துவிடுவது வழக்கம். பேய்ப்புடல், நரிப்பயறு, காட்டாமணக்கு எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான். தெலுங்கிலும் இதை 'நக்க உல்லி' என்கிறார்கள். நக்க என்றால் நரி. மலையாளத்தில் 'காட்டுள்ளி'. மூன்று மொழிக்காரர்களும் ஒரே எச்சரிக்கையைத்தான் பெயராக வைத்திருக்கிறார்கள்: 'இது உள்ளி மாதிரி இருக்கும், ஆனால் உள்ளி இல்லை.'

தாவரவியலில் இதன் பெயர் ட்ரிமியா இண்டிகா. பழைய புத்தகங்களில் அர்ஜினியா இண்டிகா என்று இருக்கும். முன்பு இதை லில்லிக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். இப்போது நம் தண்ணீர்விட்டான் கிழங்கு இருக்கும் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆக, சமையலறை வெங்காயத்துக்கு இது பங்காளிகூட இல்லை!

அப்படியானால் இரண்டையும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது? கிழங்கு எலுமிச்சை அளவிலிருந்து சாத்துக்குடி அளவு வரை இருக்கும். வெங்காயம் போலவே அடுக்கடுக்காகச் செதில் இருக்கும். ஆனால் நறுக்கினால் வெங்காய வாசனை வராது. கண் எரியாது. கொழகொழவென்று ஒரு பிசின் வரும். கை நமநமவென்று அரிக்கத் தொடங்கும். ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் துகள்கள் இதன் சாற்றில் ஏராளம். அவை தோலில் குத்துவதால்தான் அந்த அரிப்பு. இன்னொரு அடையாளம் கசப்பு. ஆனால் தயவுசெய்து யாரும் ருசி பார்த்துச் சோதிக்க வேண்டாம். வாசனையும் பிசினும் போதும்.

இலைக்கு முன்னே பூ ஏன்?

சாதாரணமாகச் செடி முளைத்து, இலை விட்டு, தழைத்து, அதற்கப்புறம்தானே பூக்கும்? நரிவெங்காயம் தலைகீழ். முதலில் பூ, பிறகுதான் இலை.

மழைக் காலத்தில் இதற்கு நீளமான, தட்டையான இலைகள் வரும். அந்த இலைகள் வெயிலை வாங்கி உணவு சமைத்து, மண்ணுக்கடியில் உள்ள கிழங்கில் சேமித்துவிட்டுக் காய்ந்து போகும். அதற்கப்புறம் செடி இருந்த இடமே தெரியாது. கோடையில், அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழித்துப் பூத்தண்டு மட்டும் மேலே வரும். பூத்து, காய்த்து, தட்டையான கறுப்பு விதைகளைக் காற்றில் விட்டு முடித்த பிறகு, மழை விழுந்ததும் இலை வரும். சிக்கனமான குடித்தனக்காரி என்றால் இதுதான்.

இந்தச் சேமிப்புக் கிழங்கைப் பன்றி, எலி தோண்டித் தின்றுவிட்டால் செடியின் கதி என்ன? அதற்காகத்தான் இயற்கை கிழங்கு முழுக்க விஷத்தை வைத்திருக்கிறது. எதையும் விட்டு வைக்காத ஆடுகூட இதன் இலையில் வாய் வைக்கத் தயங்கும். நாம் மருந்து என்று தேடிப் போவது அந்தக் காவல் விஷத்தைத்தான் என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

உலகம் அறிந்த கிழங்கு

நரிவெங்காயத்துக்கு மத்திய தரைக்கடல் நாடுகளில் ஒரு பெரியக்கா உண்டு. 'ஸ்குவில்' என்பார்கள். ஒரு கிழங்கு இரண்டு கிலோ வரைகூட எடை வரும். அதுவும் இலை இல்லாமல்தான் பூக்கும். அதன் பூவை வைத்து உழவுப் பருவத்தைக் கணித்த பழக்கம் பழைய கிரேக்கர்களிடம் இருந்தது. கிரீஸ் நாட்டில் இன்றும் புத்தாண்டின்போது அந்தக் கிழங்கை வீட்டு வாசலில் தொங்க விடுகிறார்கள். தண்ணீர் இல்லாமல் தொங்கும்போதே அது துளிர் விடுமாம். நம் ஊரில் ஆகாச கருடன் கிழங்கை வாசலில் கட்டித் தொங்கவிடுகிறோமே, கிட்டத்தட்ட அதே நம்பிக்கைதான்!

முதல் நூற்றாண்டில் வாழ்ந்த டயோஸ்கோரிடீஸ் என்ற கிரேக்க மருத்துவர் இதை மருந்தாக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறார். கிழங்கை அப்படியே தரக் கூடாதாம். மேலே மாவோ களிமண்ணோ பூசி, அடுப்புக்குள்ளோ தணலுக்கு அடியிலோ வைத்து, பூசிய மாவு வேகும்வரை சுட வேண்டும். அதற்கப்புறம்தான் மருந்து. எங்கள் சித்த மருத்துவத்தில் 'சுத்தி', 'புடம்' என்று சொல்கிறோமே, அதே புத்திதான்! கடல் கடந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமலே, இரண்டு நாட்டு வைத்தியர்களும் 'பச்சையாகக் கொடுத்தால் ஆபத்து' என்று ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்த காலத்தில், மூலிகைகளைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு அடையாளம் சொல்ல வேண்டும். நரிவெங்காயத்தை மேஜையில் வைத்தால் மட்டும், 'தொட்ட கையைக் கழுவிட்டு வாங்கப்பா' என்பார் எங்கள் ஆசிரியர். குணத்தைச் சொல்லித் தருவதற்கு முன்பு பயத்தைச் சொல்லித் தருவது பழைய பாடமுறை.

ஆங்கில மருத்துவமும் இதை ஒதுக்கவில்லை. ஸ்குவில் கிழங்குச் சாறு இருமல் மருந்துகளில் வெகுகாலம் இருந்தது. ஐரோப்பியக் கிழங்குக்குப் பதிலாக நம் இந்தியக் கிழங்கும் மருந்துக்குப் போயிருக்கிறது. பூத்து முடிந்த கையோடு கிழங்கைத் தோண்டி, மேல் சருகை நீக்கி, சீவிக் காயவைப்பார்கள். காய்ந்த சீவல் காற்றிலுள்ள ஈரத்தை உடனே இழுத்துக் கொள்ளும் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில்தான் வைக்க வேண்டும். இதற்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. சிவப்பு ஸ்குவிலை எலி மருந்தாக வைத்தார்கள். எலிக்கு வாந்தி எடுக்க வராது. அதனால் விஷம் உள்ளே தங்கிக் கொன்றுவிடும்.

ஒரு கையில் இருமல் மருந்து, மறு கையில் எலி மருந்து! இரண்டும் ஒரே செடியிலிருந்து என்றால், இதை எவ்வளவு ஜாக்கிரதையாகத் தொட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதயத்தைத் தொடும் விஷம்

இந்தக் கிழங்கில் சில்லாரன், ப்ராஸில்லாரிடின் என்ற பொருட்கள் இருக்கின்றன. இவை இதயத் தசையின் மேல் நேரடியாக வேலை செய்பவை. தேரை தன் தோலில் வைத்திருக்கும் விஷமும் இதே வகைதான். நம் தெருவோரத்து அரளியில் இருப்பதும் இதற்குச் சொந்தக்காரப் பொருள்தான்.

மிகச் சிறிய அளவில் இது வயிற்றின் உட்சுவரைச் சீண்டும். அதன் எதிரொலியாக மார்புச் சளி இளகும். அளவு கொஞ்சம் கூடினால் வாந்தி. இன்னும் உள்ளே போனால் இதயத் துடிப்பு மந்தமாகும், தாளம் தப்பும். பலவீனமான இதயம் பலமாகச் சுருங்குவதால் சிறுநீர் நன்றாக இறங்கி உடம்பின் நீர் வீக்கம் வடியும் என்பதும் உண்மைதான். பழைய வைத்தியர்கள் நீர்க்கோவைக்கு இதைக் கொடுத்ததன் ரகசியம் அதுவே.

இங்கே இன்னொரு செடியின் கதை ஞாபகம் வருகிறது. இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற டாக்டர், ஷ்ராப்ஷயர் பகுதிப் பாட்டி ஒருத்தியின் ரகசியப் பச்சிலை மருந்து நீர் வீக்கத்தை வடிய வைக்கிறது என்று கேள்விப்பட்டார். இருபதுக்கும் மேற்பட்ட பச்சிலைகள் கலந்த அந்த மருந்தில், வேலை செய்வது 'ஃபாக்ஸ்கிளவ்' என்ற ஒன்றுதான் என்று கண்டுபிடித்தார். எத்தனை கொடுத்தால் குணம், எத்தனை கொடுத்தால் ஆபத்து என்று வருஷக்கணக்கில் நோயாளிகளைக் கவனித்து 1785-ல் புத்தகமாக எழுதினார். அந்த வகைச் செடியிலிருந்து வந்ததுதான் இன்றைக்கும் இதய நோயாளிகளுக்குக் கொடுக்கப்படும் 'டிகாக்ஸின்' மாத்திரை. வேடிக்கை பாருங்கள், அந்தச் செடியின் ஆங்கிலப் பெயரிலும் நரி இருக்கிறது!

டிகாக்ஸின் சாப்பிடுபவர்களுக்குத் தெரியும், அது மில்லிகிராமில் கால் பங்கு, எட்டில் ஒரு பங்கு என்று எண்ணிக் கொடுக்கும் மருந்து. குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி அவ்வளவு குறைவு. மாத்திரையிலாவது அளவு எழுதியிருக்கிறது. கிழங்கில் யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? மண்ணைப் பொறுத்து, பருவத்தைப் பொறுத்து, கிழங்கின் வயதைப் பொறுத்து விஷத்தின் வீரியம் மாறும். போன வருஷம் ஒன்றும் செய்யாத அளவு இந்த வருஷம் ஆளைச் சாய்த்துவிடலாம்.

சில மாதங்களுக்கு முன் அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். "ஐயா, அம்மாவுக்கு ரெண்டு காலும் பொதபொதன்னு வீங்கிருக்கு. நரிவெங்காயச் சாறு ரெண்டு ஸ்பூன் குடுத்தா நீர் இறங்கிரும்னு சொல்றாங்க. குடுக்கலாமா?" என்று கேட்டார். அம்மா ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று சீட்டை வாங்கிப் பார்த்தேன். டிகாக்ஸினும் இருந்தது, நீர் பிரிய மாத்திரையும் இருந்தது. நீர் பிரியும் மாத்திரைகளில் பல, உடம்பிலுள்ள பொட்டாசியத்தைக் குறைத்துவிடும். பொட்டாசியம் குறைந்த உடம்பில் டிகாக்ஸினின் விஷத்தன்மை கூடும். அதற்கு மேல் நரிவெங்காயமும் போயிருந்தால்? "நல்ல வேளை, கேட்டுட்டுக் குடுக்கலாம்னு வந்தேன்" என்றார். வீக்கம் ஏன் கூடியது என்று பார்க்க அவரை இதய மருத்துவரிடம் அனுப்பி வைத்தேன்.

துருக்கி நாட்டில் கேட்காமலே சாப்பிட்ட ஒரு பெண்ணைப் பற்றி அந்த நாட்டு மருத்துவர்கள் 1995-ல் எழுதியிருக்கிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர். மூட்டு வலிக்கு நல்லது என்று யாரோ சொல்ல, ஸ்குவில் கிழங்கு இரண்டைச் சாப்பிட்டிருக்கிறார். வாந்தி, வலிப்பு, இதயத் துடிப்பில் தடை என்று வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்கவில்லை.

அதனால், நரிவெங்காயத்தை உள்ளுக்குச் சாப்பிடும் முறை எதையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. அது பத்திரிகையில் படித்துச் செய்யும் காரியம் இல்லை.

கால் ஆணி: செருப்பைப் பாருங்கள்

சரி, வெளி உபயோகத்துக்கு வருவோம். கால் ஆணி என்பது என்ன? உள்ளங்காலில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்தால், உடம்பு தன்னைக் காத்துக் கொள்ள அந்த இடத்துத் தோலைத் தடிக்க வைக்கும். தடித்த தோலின் நடுவில் கூம்பு போல ஒரு முளை உருவாகி உள்ளே இறங்கும். நடக்கும்போது அந்த முளை சதையைக் குத்தும். அதுதான் ஆணி.

எங்கள் பக்கத்தில் கால் ஆணிக்குக் குறைவே இல்லை. கைத்தறியில் மிதி கட்டையை நாள் முழுக்க மிதிப்பவர்கள், மண்டியில் மூட்டை சுமப்பவர்கள், கரிசல் காட்டில் வெறுங்காலோடு நடப்பவர்கள்... பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் அறைக்குள் ஆணி அடித்த செருப்போடு போகக் கூடாது. தரையில் உரசிப் பொறி பறந்துவிடும். அதனால் பலர் வெறுங்காலோடுதான் வேலை பார்க்கிறார்கள். செருப்பு ஆணிக்குப் பயந்து, காலில் ஆணி வாங்கிக் கொள்கிறார்கள்!

நகரத்துக் குடும்பங்களிலோ காரணம் நேர் எதிர். முனை குறுகிய செருப்பு, உயரக் குதிகால், தேய்ந்து சாய்ந்த அடிப்பாகம். ஆக, ஆணியை உண்டாக்குவது அழுத்தம். எந்த மருந்து வைத்தாலும், அழுத்தம் மாறாவிட்டால் இரண்டு மாதத்தில் ஆணி அதே இடத்தில் வந்து உட்காரும். "மருந்து கேட்கலையே" என்று குறை சொல்வதில் அர்த்தமில்லை.

இன்னொன்று, ஆணி என்று நினைப்பதெல்லாம் ஆணி அல்ல. நேராக அழுத்தினால் வலித்தால் பெரும்பாலும் ஆணி. இரண்டு பக்கமும் கிள்ளுவது போலப் பிடித்தால் வலித்து, நடுவில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது மரு. மரு ஒரு கிருமியால் வருவது, பரவும். அதற்கு வைத்தியம் வேறு.

ஒத்தடம் கொடுக்கும் முறை

சர்க்கரை வியாதி இல்லாத, காலில் உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் சரியாக உள்ள, புண்ணோ வெடிப்போ இல்லாத பெரியவர்கள் மட்டும் இதைச் செய்யலாம்.

• முதல் நாளே கிழங்கை நாட்டு வைத்தியம் தெரிந்தவரிடம் காட்டி, சரியான கிழங்குதானா என்று உறுதி செய்து கொள்ளுங்கள்.

• இரவு படுக்கப் போகும் முன் காலைக் கால் மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்து, பாதம் தேய்க்கும் கல்லால் தடித்த தோலை மெல்லத் தேய்த்துத் துடையுங்கள். பிளேடு வேண்டவே வேண்டாம்.

• ஆணியைச் சுற்றியுள்ள நல்ல தோலில் விளக்கெண்ணெய் தடவுங்கள். அரிப்பு வராமல் காக்கும்.

• கையில் பிளாஸ்டிக் உறை மாட்டிக் கொண்டு கிழங்கை இரண்டாக நறுக்குங்கள். சமையலுக்கு வேண்டாத பழைய இரும்புச் சட்டியில் வெட்டுப் பக்கத்தை வைத்து லேசாகச் சூடு காட்டுங்கள்.

• உடனே காலில் வைக்காதீர்கள். மெல்லிய துணியில் சுற்றி, புறங்கையில் வைத்துப் பாருங்கள். புறங்கை தாங்கும் சூடுதான் கால் தாங்கும் சூடு. அதற்கப்புறம் ஆணியின் மேல் 5 முதல் 10 நிமிஷம் ஒத்தடம் கொடுங்கள்.

• எரிச்சலோ சிவப்போ வந்தால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். இரவு முழுக்க வைத்துக் கட்டுவது கூடாது.

• முடிந்ததும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மீதிக் கிழங்கை குழந்தைகள், ஆடு மாடு எட்டாத இடத்தில் ஆழமாகப் புதையுங்கள். அரிவாள்மணையில் நறுக்கியிருந்தால், அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவாமல் காய்கறி பக்கம் கொண்டு போகாதீர்கள்.

ஒரு வாரம் பத்து நாள் இப்படிச் செய்தால் தடித்த தோல் இளகி, முளை மேலே வரும். இதில் ஊற வைப்பதற்கும், தேய்ப்பதற்கும், சூட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. எல்லாப் புகழையும் கிழங்குக்கே கொடுத்துவிட முடியாது. கிழங்கு கிடைக்கவில்லை என்றால் ஓடி அலைய வேண்டாம். ஊற வைத்துத் தேய்த்து விளக்கெண்ணெய் தடவி, அகலமான மெத்தைச் செருப்புக்கு மாறினாலே பலருக்குப் பாதி வலி போய்விடும்.

சர்க்கரை உள்ளவர்களே, வேண்டாம்!

இந்தக் கட்டுரையில் மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் நரிவெங்காயம் மட்டுமல்ல, எந்தச் சூட்டு ஒத்தடத்தையும் காலில் தாங்களாக வைத்துக் கொள்ளக் கூடாது. செங்கல் ஒத்தடம், எருக்கிலை ஒத்தடம், வெந்நீர்ப் பை எல்லாமே இதில் சேர்த்தி. மருந்துக் கடையில் விற்கும் கால் ஆணி பிளாஸ்டரும் வேண்டாம். அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் சேர்த்து அரித்துவிடும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நரிவெங்காயத்தைத் தணலில் சுட்டு, குதிகாலில் வைத்துக் கட்டி, அப்படியே தூங்கிவிட்டார். காலையில் அவிழ்த்துப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். "கொஞ்சம்கூடச் சுடலையே டாக்டர்! சுட்டா எடுத்துருக்க மாட்டேனா?" என்றார். அதுதான் விஷயமே! பல வருஷச் சர்க்கரை, கால் நரம்புகளை மரக்கச் செய்துவிடும். சுடுவதும் தெரியாது, முள் குத்துவதும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைவாக இருப்பதால் புண் சீக்கிரம் ஆறாது. அவரை உடனே மதுரையில் அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினேன். மூன்றரை மாதம் கட்டுப் போட்டுத்தான் ஆறியது. கால் தப்பியது அவர் முதல் நாளே வந்ததால்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. பாட்டி காலத்தில் ஊரில் ஓரிருவருக்கு இருந்த நோய், இன்று வீட்டுக்கு வீடு. பாட்டியின் மருந்து மாறவில்லை. அதை வைக்கும் கால் மாறிவிட்டது. இதைப் புரிந்து கொள்ளாமல் 'அந்தக் காலத்தில் செய்தார்களே' என்று செய்தால் ஆபத்து நமக்குத்தான்.

காலில் மதமதப்பு, தொழுநோயால் உணர்ச்சிக் குறைவு, ரத்தக் குழாய் அடைப்பு உள்ளவர்களும் ஒதுங்கியே இருங்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வேண்டாம்.

தவறிப் போய்ச் சாப்பிட்டுவிட்டால்?

முதலில் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல் வரும். நாடி மெதுவாக, விட்டு விட்டு அடிக்கும். பார்வை மஞ்சளாகத் தெரியலாம். வாந்தி நின்றுவிட்டது, இனி பயமில்லை என்று வீட்டில் படுக்க வைத்துவிடாதீர்கள். இதயத்தின் தாளம் பிற்பாடும் தப்பலாம்.

உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, மோரைக் குடிக்க வைப்பது எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, இ.சி.ஜி. வசதியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மிச்சக் கிழங்கைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நோயாளி வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக் கொள்ளுங்கள். 'என்ன சாப்பிட்டார்' என்பது தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

கேட்கிறார்கள்... சொல்கிறேன்

தலையில் புழுவெட்டு விழுந்த இடத்தில் வெங்காயம் தேய்ப்பார்களே, அதற்கு நரிவெங்காயம் தேய்க்கலாமா?

அது சமையலுக்குப் போடும் சின்ன வெங்காயம். நரிவெங்காயத்தைத் தலையில் தேய்த்தால் தோல் புண்ணாகும். சாறு கண்ணில் வழிந்தால் இன்னும் மோசம்.

எண்ணெய் காய்ச்சி மூட்டு வலிக்குத் தடவலாமா?

சித்த வைத்தியரைப் பார்த்து, அவர் கொடுப்பதைத் தடவுங்கள். வீட்டு அடுப்பில், சமையல் வாணலியில் காய்ச்சும் எண்ணெய் இல்லை இது. நம் மாநிலத்தில் பல அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. கேட்பதற்குக் காசில்லை.

வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா?

சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் வேண்டாம். மற்றவர்கள் வளர்க்கலாம். சரளை கலந்த மண், தண்ணீர் தேங்காத தொட்டி, நல்ல வெயில் போதும். கோடையில் இலை காய்ந்ததும் செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள். தொட்டியில் 'விஷக் கிழங்கு' என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். இலையும் பூவும் இல்லாத மாதங்களில் அது வெறும் வெங்காயமாகத்தான் தெரியும். வீட்டு வேலைக்கு உதவுபவரோ, ஊரிலிருந்து வந்த மாமியாரோ சாம்பாருக்கு எடுத்துவிடக் கூடாது.

காட்டில் பார்த்தால் தோண்டி எடுத்து வரலாமா?

வேண்டாமே! கிழங்கைத் தோண்டினால் செடி அத்துடன் போயிற்று. பொட்டல் என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் நிலமெல்லாம் மனைகளாகவும் கல் குவாரிகளாகவும் மாறிக் கொண்டிருக்கிறது. மிச்சமிருக்கும் மேட்டில் பங்குனி வெயிலில் ஒரு பூத்தண்டு தெரிந்தால், பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். இலைக்கு முன் பூ வரும் செடி என்று சொல்லுங்கள். பேரில் வெங்காயம் இருந்தாலும் வாயில் வைக்கக் கூடாது என்றும் சொல்லுங்கள்.

அப்படியே வீட்டுக்கு வந்ததும் பெரியவர்களின் உள்ளங்காலை ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். ஆணியோ, வெடிப்போ, மரத்த இடமோ இருந்தால் முதலில் சர்க்கரை அளவைப் பரிசோதியுங்கள். வைத்தியத்தை அதற்கப்புறம் பார்த்துக் கொள்ளலாம்.